ஓடைக்கு அக்கரையில் இரண்டு கணவர்கள்

நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்ன பாடம் எடுக்கிறாய் என்று கேட்பார்கள். பி.டி. என்றதும் ஓ என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கும் கணக்கு டீச்சர் பக்கம் திரும்பிவிடுவார்கள். என் கணவரும் கிட்டத்தட்ட அந்தக் கட்சிதான். மர நிழலில் நின்று விசில் ஊதினால் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கிண்டல் செய்வார். எனக்குக் கோபம் வந்ததில்லை. மைதானம் நிறைய ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை ஒரு கை அசைவில் நிறுத்த எனக்குத் தெரியும். அதை வீட்டில் நிரூபித்துக் காட்ட வேண்டிய அவசியம் வந்ததே இல்லை.

அவர் சைதாப்பேட்டை கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் உட்கார்ந்த கொஞ்ச காலத்தில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். பூங்காவை ஒரே வட்டமாகச் சுற்றுவது செக்குமாட்டு வேலை என்று சில நாளிலேயே அதை நிறுத்திவிட்டார். அப்படியென்றால் மலைக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். விடியுமுன் கிளம்பினால் ரெட்ஹில்ஸ், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை தாண்டி, வெயில் ஏறுவதற்குள் ஆந்திர எல்லையில் இருக்கும் மலைகளின் அடிவாரத்துக்குப் போய்விடலாம். மாந்தோப்பு முடிகிற இடத்தில் காடு தொடங்கும். காட்டுக்குள் ஒரு ஓடை. அதைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினால் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி, வழி குறுகிக்கொண்டே போய், ஏதாவது ஒரு அருவியில் முடியும். இருட்டுவதற்குள் வீடு திரும்பி, மறுநாள் மாதா கோவிலில் ஞாயிறு பூசைக்குக் கெண்டைக்கால் வலியோடு போய் நிற்கலாம்.

இரண்டு மூன்று முறை போனதும் அவருக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததோடு நிற்காமல், காட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் போலப் பேசவும் ஆரம்பித்துவிட்டார். எப்போதும் முன்னால்தான் நடப்பார். நான் பின்னால் தண்ணீரையும் வானத்தையும் பார்த்துக்கொண்டே வருவேன்.

போன வருஷம் மழைக்காலம் தொடங்கிய சமயம், எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் இளம் தம்பதியும் எங்களோடு வந்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவர்கள். இருவருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அந்தப் பெண் புது ஷூ வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். நான் நாலு பேருக்கும் புளிசாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டியிருந்தேன். பையில் எப்போதும் இருக்கும் நைலான் கயிறும் பள்ளி விசிலும் கூடவே இருந்தன.

அன்று வானம் சுத்தமாக இருந்தது. ஓடையில் முழங்காலளவு தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற மாதிரி பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. கீழ் அருவிக்குப் பக்கத்தில் பையை இறக்கி, எல்லோரும் குளித்தோம். தலையைத் துவட்டியதும் என் கணவர் மேல் அருவியைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். ஓடையைக் கற்கள் மேல் தாண்டி, எதிர்ப்புறப் பாறையில் ஏறிப்போக வேண்டும். என் முழங்கால் அன்று சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் புது ஷூ குதிகாலைக் கடித்திருந்தது. நாங்கள் இருவரும் இக்கரையிலேயே இருந்துவிட்டோம். இரண்டு ஆண்களும் கல் தாவி அக்கரைக்குப் போனார்கள்.

அவர்கள் பாறைக்குப் பின்னால் மறைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தண்ணீரில் காய்ந்த இலைகள் வர ஆரம்பித்தன. ஒன்றிரண்டு வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இவை கொத்துக் கொத்தாக வந்தன, நடுவில் சுள்ளிகளும். பச்சைத் தண்ணீர் மெல்ல டீ நிறத்துக்கு மாறியது. மேலே எங்கோ மழை கொட்டியிருக்கிறது என்று புரிந்துவிட்டது. பைகளைத் தூக்கி மேட்டில் இருந்த ஒரு மரத்தடியில் வைக்கும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு விசிலை எடுத்து ஊதினேன். பாறை இடுக்கில் அந்தச் சத்தம் நன்றாகவே போனது. கணவரின் தலை மேலே தெரிந்தது. சாப்பிடக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து உற்சாகமாகக் கையை ஆட்டினார்.

அவர்கள் இறங்கி வருவதற்குள் தாண்டிப் போன கற்கள் ஒவ்வொன்றாக மூழ்கிவிட்டன. ஓடை இப்போது அகன்று, பழுப்பாக, இரைச்சலோடு ஓடியது. எதிர்க்கரை ரொம்பத் தூரம் இல்லை. அவர் முகத்தில் இருந்த சங்கடம்கூட எனக்குத் தெரிந்தது. ஆனால் கத்தினால் கேட்காது. அவர் ஒரு கம்பை எடுத்துத் தண்ணீரில் ஊன்றிப் பார்த்தார். தண்ணீர் அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. மாடி வீட்டுப் பையன் ஷூவைக் கழற்றத் தொடங்கினான். கணவர் பேன்ட்டை மடித்துவிட்டார்.

நான் மறுபடியும் ஊதினேன். இந்த முறை ஒரே நீளமாக, பள்ளியில் சண்டையை நிறுத்த ஊதுவேனே, அப்படி. இருவரும் நிமிர்ந்தார்கள். கைகள் இரண்டையும் தலைக்கு மேல் குறுக்காகப் போட்டுக் காட்டினேன். பிறகு உள்ளங்கைகளைக் கீழ் நோக்கி அழுத்தினேன். நில். உட்கார். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் கையை இறக்கவே இல்லை. கடைசியில் இரண்டு பேரும் பின்னால் ஏறிப் போய் ஒரு பாறைத் திட்டில் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பெண் அழ ஆரம்பித்திருந்தாள். பையில் கயிறு இருப்பதை அவள் காலையில் பார்த்திருந்தாள். அதைத் தூக்கிப் போட்டால் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்றாள். நான் வேண்டாம் என்றேன். அவளே பையைத் திறக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"ஆன்ட்டி, உங்களுக்குப் பயமே இல்லையா? அங்கிளும் அங்கதான இருக்காரு" என்றாள்.

"கயித்தக் காமிச்சா ரெண்டு பேரும் எறங்கிடுவாங்கம்மா. அதுக்குத்தான் அது பையிலயே இருக்கு. அவங்க கண்ணுல படக் கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு ஓடையைப் பார்த்தாள். சரியாக அந்த நேரம் ஒரு மரக்கிளை உருண்டுகொண்டு வந்தது. கற்கள் இருந்த இடத்தில் மோதி, செங்குத்தாக எழும்பி, மறுபடி முங்கிப் போனது. அதற்கப்புறம் அவள் பைப் பக்கம் போகவில்லை.

பயம் இருந்தது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது: ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும், மற்றவர்களையும் செய்யவிடாமல் இருக்க வேண்டும். இந்த மலை ஓடைகளில் வெள்ளம் எப்படித் திடீரென்று ஏறுகிறதோ அப்படியே இறங்கவும் செய்யும். சும்மா இருந்தால் அந்தப் பெண் உடைந்துவிடுவாள் என்பதால் அவளுக்கு வேலை கொடுத்தேன். தண்ணீர் தொடும் இடத்தில் பாறையில் ஒரு கோடு போடச் சொன்னேன். கோடு மூழ்கியது. இன்னொன்று போட்டாள். அதுவும் மூழ்கியது. மூன்றாவது கோடு அப்படியே நின்றது. அவள் ஓடி வந்து சொன்னபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

சாப்பாடு முழுக்க எங்கள் பக்கம் இருந்தது. அவளைக் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்து, நானும் சாப்பிட்டேன். அக்கரையில் என் கணவர் புளிசாதத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பெண் அன்று முதல் முறையாகச் சிரித்தாள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது ஒரு கல்லின் தலை வெளியே தெரிந்தது. பையன் எழுந்துவிட்டான். நான் ஊதி உட்கார வைத்தேன். அதற்குள் கீழே கொஞ்ச தூரம் நடந்து, ஓடை பரந்து ஆழமில்லாமல் ஓடுகிற ஓரிடத்தைப் பார்த்து வைத்திருந்தேன். தண்ணீர் அங்கே முழங்காலுக்குக் கீழே இறங்கி, அடியில் கூழாங்கல் மங்கலாகத் தெரியத் தொடங்கிய பிறகுதான் அவர்களை அந்தப் பக்கம் கைகாட்டி வரவழைத்தேன். தோளோடு தோள் கோத்து, நீர் வரும் திசையைப் பார்த்தபடி, பக்கவாட்டில் காலை நகர்த்தி வரும்படி நானே நடந்து காட்டினேன். ஒரு அடி பிசகாமல் அப்படியே வந்தார்கள்.

கரை ஏறியதும் அந்தப் பெண் தன் கணவனை முதுகில் அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். என் கணவர் என்னிடம் மீதிச் சாப்பாடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நின்றுகொண்டே சாப்பிட்டார். டார்ச் வெளிச்சம் தேவைப்படுவதற்குள் மாந்தோப்புக்கு வந்துவிட்டோம்.

திரும்பும் வழியில், பின் சீட்டில் இளையவர்கள் தூங்கிவிட்டார்கள். நான் கார் ஓட்டினேன். பெரியபாளையம் தாண்டி அவராகவே பேசினார்.

"எறங்கத்தான் இருந்தேன். நீ கையக் குறுக்கப் போட்டுக்கினு நின்ன பாரு, கால் நகரல. ஸ்கூல்ல பொண்ணுங்க உன் பேச்ச எப்படிக் கேக்குறாங்கன்னு இன்னிக்குத்தான் பாத்தேன்."

"மர நெழல்ல நின்னுதான ஊதினேன்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

மறுநாள் பூசை முடிந்து கோவில் முற்றத்தில் அவர் நாலைந்து பேரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கதையில் வெள்ளம் மார்பளவு இருந்தது. கயிற்றை நான் ஒளித்து வைத்திருந்த பகுதி வந்தபோது மட்டும் குரலைத் தாழ்த்தி, அது தனக்குத் திரும்பி வரும் வழியில்தான் தெரிந்தது என்றார். அந்த மாடி வீட்டுப் பெண்தான் காரில் ஏறியதும் சொல்லியிருந்தாள்.

மழை முழுசாக ஓய்ந்ததும் நாங்கள் நாலு பேரும் மறுபடி அங்கேயே போனோம். அடிவாரத்தில் விசாரித்தோம், மேலே பல நாளாக மழை இல்லை என்றார்கள். ஓடைக்கரைக்கு வந்ததும் என் கணவர் நின்றார். நான் தலையசைத்த பிறகுதான் முதல் கல்லில் கால் வைத்தார். இந்த முறை என் முழங்கால் ஒத்துழைத்தது. பாறையில் ஏறி, வளைந்து, மேல் அருவிக்கு வந்தோம். ஒன்றும் பிரமாதமான அருவி இல்லை. ஒற்றை ஆள் நின்று குளிக்கிற அளவுக்கு ஒரு தாரை, அதன் கீழே கரும்பச்சையாக ஒரு குளம். அந்தப் பெண் தண்ணீரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இறங்கலாம் ஆன்ட்டி என்றாள். முதலில் நான் இறங்கினேன். தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது.