மணமேடையில் நான் விழுந்த சத்தம்

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து மனைவி வீட்டுக்கு வந்தபோது, கொஞ்ச காலத்துக்குக் குடம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். வருகிற அன்று இருக்கிற குடத்தையெல்லாம் நிரப்பி மாடிக்கு ஏற்றியாக வேண்டும். “அதுக்கென்ன, நான் இருக்கேன்ல?” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். நான் நெஞ்சை நிமிர்த்தினால் முன்னால் வருவது வயிறுதான்.

இரண்டாவது குடத்திலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தையல் ஆறாத வயிற்றோடு அவள் வந்து என் பக்கத்தில் இருந்த குடத்தைத் தூக்கினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. “கொஞ்சம் ஓரமா உக்காருங்க, வழி விடுங்க” என்றாள், அவ்வளவுதான்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் ஆர்டர் எடுக்கிறவன். சீசனில் நாற்காலியை விட்டு எழுவது சாப்பாட்டுக்கு மட்டும். என்னைப் பரிசோதித்த டாக்டர், முதுகில் கோளாறே இல்லை, அதைத் தாங்கவேண்டிய வயிற்றுத் தசைதான் வேலை செய்யவில்லை என்றார். சொல்லாமல் கொள்ளாமல் பல வருஷமாக லீவில் இருக்கிற தசை. அதைத் திரும்ப வேலைக்கு அழைக்க, ஆரம்ப யோகா வகுப்புக்குப் போகச் சொன்னார்.

திருத்தங்கலில் ஒரு கல்யாண மண்டபத்தில் காலையில் வகுப்பு. வந்தவர்கள் எல்லாம் பெண்கள். வீட்டு ஆட்களைப் பட்டாசு ஆலை வேனில் ஏற்றிவிட்ட கையோடு வருகிறவர்கள். ஒரே ஆண்பிள்ளை என்பதால் டீச்சர் எனக்கு மரியாதையாகத் தனி இடம் ஒதுக்கினார்: பலகை அடித்த மணமேடை. என் கல்யாணத்துக்குப் பிறகு மணமேடை ஏறியது அன்றுதான். கல்யாணத்தன்றும் வியர்த்தது, இப்போதும் வியர்த்தது.

முன்னங்கைகளும் கால் விரல்களும் மட்டும் தரையில் பட, உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்தவேண்டும். கீழே பெண்கள் மூச்சு விட்டுக்கொண்டு நிதானமாக நின்றார்கள். நானும் நின்றேன். முதலில் தொடை ஆடியது. அப்புறம் தாடை ஆடியது. “இன்னும் கொஞ்சம் சார்” என்று டீச்சர் சொல்லி வாய் மூடவில்லை, மொத்த உடம்பும் ஒரே லோடாக இறங்கியது. மேடைப் பலகைக்கு அடியில் வெற்றிடம். சத்தம் மண்டபத்தையே உலுக்கியது.

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் மண்டபத்தில் ஒருவரும் இல்லை.

எங்கள் பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் என்னவென்று கேட்பதில்லை. வெளியே ஓடி எந்தப் பக்கம் புகை என்று பார்ப்பார்கள், போன் போடுவார்கள். வாசலில் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய், “நான்தாம்மா… விழுந்துட்டேன்” என்றேன்.

ஒவ்வொருவராகப் போனை இறக்கினார்கள். ஒரு பெண் மட்டும் இறக்கவில்லை. அவள் கணவனுக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஓர் ஆலையில் வெடிமருந்து கலக்குகிற வேலை. சூட்டில் பற்றிக்கொள்ளும் என்று வெயில் ஏறுமுன் செய்து முடிக்கிற வேலை அது. ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். எடுக்க ஆளில்லாமல் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“ஒரு ஆளு விழுந்தா இம்புட்டுச் சத்தமா வரும்?” என்றாள் என்னைப் பார்த்து. “பொய் சொல்லாதீக அண்ணாச்சி. இன்னொரு தடவ விழுங்க, பாப்போம்.”

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

மறுபடி மேடை ஏறினேன். எல்லோரும் கீழே நின்று பார்க்க, மெத்தென்று விழுந்தேன்.

“இது இல்ல” என்றாள்.

இடுப்பு வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியது. உடம்பை உயர்த்தி, மொத்தமாகக் கையை விட்டேன். அதே சத்தம். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. ஊரில் சிரிப்பு மூட்டுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் போகிறதில்லை என்று முடிவு. ஆனால் அடுத்த தண்ணீர் என்றைக்கு வரும் என்று எவருக்கும் தெரியாது. வந்தால் மனைவி மறுபடி குடத்தைத் தூக்குவாள், நான் மறுபடி ஓரமாக உட்காருவேன். போனேன்.

டீச்சர் எனக்குக் கீழே சிமெண்டுத் தரையில் இடம் போட்டிருந்தார். நான் குனிந்த தலை நிமிராமல் பாயை விரித்தேன். நேற்றைய பெண் தன் பாயை எடுத்துவந்து என் பக்கத்தில் போட்டாள். உடம்பை உயர்த்தினோம். என் தொடை ஆடத் தொடங்கியதும் தலையைத் திருப்பி மெதுவாகச் சொன்னாள்:

“வவுத்த இறுக்கிப் பிடிங்க அண்ணாச்சி. எங்க வீட்டு ஆளு இன்னைக்கும் வேலைக்குப் போயிருக்காக.”

பிடித்துக்கொண்டேன்.