குடத்துக்குள் இறக்கிய ரேடியோ

அந்தப் பொய்யைச் சொல்லும்போது எனக்கு நாக்குக்கூடக் குழறவில்லை. "பழைய பண்களைத் திருமழபாடியில் ஓர் ஓதுவாரிடம் முறையாகப் பாடம் கேட்டேன்" என்று வானொலி நிலையத்தில், பழந்தமிழிசை நிகழ்ச்சிக்கான ஒலிப்பதிவில் கம்பீரமாகச் சொல்லி, இரண்டு வரி பாடியும் காட்டினேன். அரியலூரில் நான் தமிழ் வாத்தியார். அக்காவிடம் கற்றேன் என்று சொன்னால் கௌரவமாகவா இருக்கும்? அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது, மடையனுக்கு.

சிறுவயதில் கோயில் வாசலில் நின்று ஓதுவார் பாடுவதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தவள் அக்கா. கொள்ளிடத்து மணலில் உட்காரவைத்து, தப்பினால் தொடையில் கிள்ளி, எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். ஓதுவாரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒலிபரப்பு அன்று அக்கா போன் செய்தாள். "சாயங்காலம் குன்னத்துக்கு வந்துடுடா. எல்லாரும் ஒண்ணா கேப்போம்." சரி என்றேன். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறினேன்.

அவள் வீட்டு வாசலில் ஐந்தாறு பெண்கள் சின்ன வெங்காயத்தைக் குவித்துவைத்துத் காய்ந்த தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்கா போனில் ரேடியோவைப் போட்டு, சத்தம் கூடட்டும் என்று வெறுங்குடத்துக்குள் இறக்கினாள். முதலில் யாழும் குழலும். பிறகு ஒருவர் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

"ரேடியோவுல சார் எப்பக்கா வருவாரு?" என்று ஒருத்தி அலுத்துக்கொண்டாள்.

"செத்த பொறுடி. கடைசியிலதான் நம்மாளு."

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. நானோ டவர் போய்த் தொலையாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன். என்றைக்கும் இல்லாத அதிசயமாக அன்றைக்கு டவர் நன்றாக இருந்தது.

குடத்துக்குள்ளிருந்து என் குரல் வந்தது. ஓதுவாரிடம் பாடம் கேட்டேன் என்றதும் வெங்காயம் கிள்ளிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பாடி முடித்ததும் பெண்கள் கை தட்டினார்கள்.

"ஓதுவாருகிட்ட படிச்சீங்களா சார்? அதான் இப்படிப் பாடுறீங்க!"

செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

அக்கா மடியிலிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டாள். "ரெண்டாவது வரியில அவசரப்பட்டுட்டடா" என்றாள். பிறகு அந்த வரியை அவளே நின்று நிதானமாகப் பாடினாள். முடிக்கும்வரை யாரும் வெங்காயத்தைத் தொடவில்லை. என் கை என்னையறியாமல் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குச் சொல்லிக்குடுத்தது அக்காதான்" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

"அதான் தெரியுதுங்களே சார்" என்றாள், கை தட்டியவர்களில் ஒருத்தி.