மிஸ்பா என்பது ஆசீர்வாதம் அல்ல

மழையில் நனைந்த கருங்கல்லின் மேல் வாழையிலையைப் போட்டு, ஆவி பறக்கிற சோற்றையும் ஆட்டுக்கறிக் குழம்பையும் கொட்டினால் என்ன வாசம் வரும், உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். பாசியும் மிளகும் கலந்து, தேயிலைச் செடி வெட்டித் துருப்பிடித்த கவ்வாத்துக் கத்தியை முகர்ந்தது போல ஒரு வாசம். என் அக்கா எஸ்தரின் கல்யாணத்தன்று, டிக்கோயாவில் எங்கள் தோட்டத்து ரோடு பெரிய ரோட்டில் போய் முட்டுகிற சந்தியில், அந்த வாசத்தை முகர்ந்தபடி, மாப்பிள்ளை இந்தச் சோற்றைத் தின்பாரா, இல்லை பெண்ணே வேண்டாமென்று லொறியில் ஏறிப் போய்விடுவாரா என்று தெரியாமல் ஊரே தூறலில் நின்றது. அத்தனைக்கும் காரணம் வேதத்தில் வருகிற ஓர் இடத்தின் பெயர். மிஸ்பா.

நான் இப்போது படிக்கிற கல்லூரியில் கிறிஸ்தவ மாணவர் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக நின்று, கைகோத்துக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லித்தான் கலைகிறார்கள். நாம் பிரிந்திருக்கையில் ஆண்டவர் நமக்கு நடுவில் இருந்து காப்பார் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். ஒருத்தியின் கழுத்தில் பாதியாய் வெட்டிய காசு மாதிரி ஒரு பதக்கம் தொங்குகிறது. மறுபாதி யாரோ ஓர் 'அவரிடம்' இருக்கிறதாம். இதையெல்லாம் பார்த்தால் எனக்கு முதலில் சிரிப்பு வரும், அடுத்தாற்போல் சந்தேகம் வரும். இவர்களில் ஒருவராவது அந்தப் பெயர் வருகிற வேத அதிகாரத்தை முழுதாகப் படித்திருக்கிறாரா?

படித்தால் தெரியும். யாக்கோபு தன் மாமன் லாபானிடம் இருபது வருஷம் கூலிக்கு ஆடு மேய்க்கிறான். மாமன் பத்துத் தடவை கூலியை மாற்றுகிறான். பொறுத்துப் பார்த்த மருமகன், மாமன் பெண்களான தன் பெண்டாட்டிமாரோடும் பிள்ளைகளோடும் சொல்லாமல் கிளம்ப, மாமன் துரத்திக்கொண்டு வந்து மலையில் மடக்குகிறான். கடைசியில் இரண்டு பேரும் கல்லைக் குவித்து, அதன்மேல் சாப்பிட்டு, ஒப்பந்தம் செய்கிறார்கள்: நான் பார்க்காதபோது என் பெண்களை நீ கொடுமைப்படுத்தினால், வேறு பெண் கட்டினால், கடவுள் பார்த்துக்கொண்டிருப்பார், ஜாக்கிரதை. அந்த இடத்துக்குத்தான் மிஸ்பா என்று பெயர், காவற்கோபுரம் என்று பொருள். அதே குவியலுக்கு லாபான் தன் பாஷையில் ஒரு பெயரும் யாக்கோபு தன் பாஷையில் ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. எங்கள் தோட்டத்துக்கே துரைக்கு ஒரு ஸ்கொட்லாந்துப் பெயர், எங்களுக்கு ஒரு பெயர், பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களுக்கு ஒரு பெயர். ஓர் இடத்துக்கு இத்தனை பெயர் இருந்தால் அங்கே ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வேதக்காரர்கள் எல்லோரும் யாக்கோபு கட்சி. கூலியைக் குறைத்தவனை எவன் ஆதரிப்பான்? அப்பா மட்டும் லாபான் கட்சி. கவ்வாத்து வேலைக்காரரான என் அப்பா சாமுவேல், தேத்தண்ணி கொடுத்தால்கூட ஏன் கொடுக்கிறார்கள் என்று யோசித்துவிட்டுத்தான் குடிப்பார். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் தொழிற்சாலையில் வேலை செய்த ஜெபமணிக்கு அக்காவைப் பேசி முடித்த பிறகு, துணி மூட்டையோடு லயம் லயமாக வருகிற ஹட்டன் காதர் நானா இஸ்தோப்புத் திண்ணையில் மூட்டையை அவிழ்த்தபடி ஒரு வார்த்தையை விட்டார்.

"ஒங்க மாப்பிள்ளையா? தங்கமான பையன். போன மாசந்தான் சின்னப் புள்ளைக்கு ஒரு கவுன் எடுத்தாரு, பச்சப் பூப் போட்டது."

கல்யாணமாகாத பையனுக்கு எதற்குச் சின்னப்பிள்ளைக் கவுன்? கேட்டு அனுப்பியதற்கு, மாப்பிள்ளையின் அக்கா பிள்ளைக்கு என்று பதில் வந்தது. அப்பாவுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. கல்யாணத்துக்கு முந்திய ஞாயிறு உபதேசியார் மிஸ்பாவைப் பற்றி உருக்கமாகப் பேசி, புதுத் தம்பதி தாங்கள் குடியிருக்கப்போகிற காம்பராக் கதவில் அதை எழுதிவைக்கலாம் என்றார். அப்பா வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்து அந்த இடத்தைத் தானே படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"உபதேசியாரு ஏமாத்துறாருடி," என்றார் அம்மாவிடம். "இது வாழ்த்து இல்ல. எச்சரிக்க."

அதனால்தான் சந்தியில் கற்கள். பூசை முடிந்து பெண்ணை அனுப்புகிற இடத்தில் அப்பா மாப்பிள்ளையை நிறுத்தி, தானே கல்லைக் குவித்தார், மேலே இலையைப் போட்டார், வாக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடச் சொன்னார். மாப்பிள்ளையின் பெரியம்மா இடுப்பில் கைவைத்தார்.

"என்ன சம்பந்தி, பொண்ணத்தான் குடுக்குறீங்களா, இல்ல எங்க பையன பொலிசுல குடுக்குறீங்களா?"

அக்கா தலைகுனிந்து நின்றாள். ஜெபமணி அத்தான் பெரியம்மாவைக் கையமர்த்திவிட்டு, உபதேசியாரிடமிருந்து வேதத்தை வாங்கி, வாக்கை வாசித்தார், தடுமாறாமல். பிறகு நிமிர்ந்தார்.

"அடுத்த வசனமும் உண்டுல்ல மாமா? நான் இந்தக் கல்லத் தாண்டி ஒங்க பக்கம் வரமாட்டேன், நீங்களும் தாண்டி எம் பக்கம் வரமாட்டீங்க. சரிதானே?"

தீங்கு செய்வதற்காகத் தாண்டக் கூடாது என்பதுதான் அங்கே எழுதியிருப்பது. முக்கியமான அந்தச் சொல்லை அத்தான் வாய்க்குள் போட்டு மென்றுவிட்டார். மாதாமாதம் போய் வேவு பார்க்கலாம் என்று கணக்குப் போட்டிருந்த அப்பா, ஊர் முன்னால் பின்வாங்க முடியாமல் "சரி" என்றார். இரண்டு பேரும் எதிரெதிரே குந்தி, ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி, சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து நல்ல செய்தி மட்டுமே வந்தது. சுகம், எல்லோரும் சுகம், வேலை சுகம். அப்பாவுக்கு அதுதான் பயம். டிசம்பரில் நத்தாருக்கு வருகிறேன் என்றவள் வரவில்லை. அடுத்து வந்த ஈஸ்டருக்கும் வரவில்லை. அடிக்கிறானோ, பட்டினி போடுகிறானோ, அந்தப் பச்சைப்பூக் கவுனுக்குச் சொந்தக்காரி வீட்டிலேயே இருக்கிறாளோ என்று அப்பா, காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில்கூட முணுமுணுத்தார். குறுக்குப் பாதையாகப் போனால் கல்லைத் தாண்ட வேண்டியதில்லையே என்று நான் யோசனை சொன்னேன்.

"கடவுளுக்குக் குறுக்குப் பாத தெரியாதாடி?"

"கெட்டது செய்யத்தானேப்பா போகக் கூடாது?"

"நான் போறது சந்தேகத்தோட. அது நல்லதா?"

கடைசியில் பொறுக்காமல், குவித்தவனே கலைத்தால் ஒப்பந்தமும் கலையும் என்று முடிவு செய்து, ஒரு ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு சந்திக்குப் போனார். போனால், கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தது. குங்குமம் இருந்தது. சூடம் எரிந்த கரியும், ஒரு காட்டுப்பூ மாலையும் இருந்தன. புது மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் போகிறபோதும் வருகிறபோதும் கும்பிட்டுக் கும்பிட்டு, கல் முனியாண்டியாகிவிட்டிருந்தது. அப்பா ஒரு கல்லில் கை வைத்ததும், கீழ்லயத்து ராக்காயி அத்தை கூடையோடு ஓடிவந்தார்.

"கைய எடுங்கண்ணே. எம் பேரனுக்குக் காய்ச்சல் எறங்குன எடம் அது."

"இது நான் வச்ச கல்லு, ராக்காயி."

"வச்சது நீங்க. வந்து ஒக்காந்தது அவரு. ஒங்களுக்குத்தான் கோயில் நெறயச் சாமி இருக்கே, எங்களுக்கு இந்த ஒண்ண விட்டா என்ன?"

அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "முனிக்குப் போயிருச்சுன்னா அது இனிமே ஒங்க கல்லு இல்ல. முனிகூட நீங்க எந்த ஒப்பந்தமும் போடல. கெளம்புங்க."

இப்படி ஒரு நியாயத்தை எந்த உபதேசியாரும் சொல்லியிருக்க மாட்டார். மறுவாரமே அப்பாவும் நானும் ஹட்டனுக்கும், அங்கிருந்து தலவாக்கலைக்கும் பஸ் ஏறினோம். அக்காவைக் கூட்டிக்கொண்டே திரும்புவது என்று வழியில் அப்பா சொன்னார்.

அத்தானுடைய காம்பரா வாசலில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று நின்றது. பச்சைப் பூப் போட்ட கவுன், கொஞ்சம் சின்னதாகிப் போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றது. மாவுக் கையோடு வெளியே வந்தது எஸ்தர் அக்கா. மெலியவில்லை, காயமில்லை.

அப்பா பிள்ளையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "எங்க அவன்?" என்றார்.

"உள்ள வாங்கப்பா. அவரு ஒண்ணும் ஒளிக்கல, ஒளிச்சது நான்." முதல் மனைவி பிரசவத்தில் போய்விட்டதையும், பிள்ளை ரோசியை அத்தான் பெரியம்மா வீட்டில் வளர்த்ததையும், கல்யாணம் பேசுகிறபோதே அத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னதையும் அக்கா நின்றபடியே சொன்னாள். "ஒங்ககிட்டயும் சொல்றேன்னுதான் நின்னாரு. நான்தான் வேணாம்னேன். அக்கா பிள்ளன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். சொன்னா ரெண்டாந்தாரமாக் குடுத்திருப்பீங்களா?"

"நத்தாருக்கு ஏன் வரல?"

"இவள விட்டுட்டும் வர முடியல, கூட்டிட்டும் வர முடியல."

அப்பா, அவர் அல்லவா, கேட்டார்: "எனக்குத் தெரியாம இன்னும் ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கும்," என்றாள் அக்கா. "எல்லாத்தையும் அப்பன்கிட்ட எந்தப் பொண்ணு சொல்லுவா?"

வீட்டுக்கு வந்ததும் நான் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். கல் குவிப்பதற்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. லாபானின் வீட்டுச் சாமிச் சிலைகளைக் காணோம். மருமகன்தான் திருடினான் என்று கூடாரம் கூடாரமாகக் குடைகிறான். எடுத்தது அவனுடைய சொந்த மகள், யாக்கோபின் பெண்டாட்டி ராகேல். ஒட்டகச் சேணத்துக்குள் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, உடம்புக்கு முடியவில்லை, எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். அப்பன் நம்பிவிட்டுப் போகிறான். கடைசிவரை அவனுக்குத் தெரியாது. அதன் பிறகுதான் மருமகனுக்காக அந்தக் காவற்கோபுரம். அப்பா அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டுத்தான் படித்திருக்கிறார். கைகோத்து நிற்கிற என் கல்லூரித் தோழிகளும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். எனவே அந்த வட்டத்தில் நான் நிற்பதில்லை. திமிர் பிடித்தவள் என்கிறார்கள், சொல்லட்டும்.

பெரிய ரோட்டை அகலப்படுத்தியபோது சந்தியும் போயிற்று, கல்லும் போயிற்று. காதர் நானா மூட்டை தூக்குவதை விட்டுவிட்டார். அத்தான் நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் டிக்கோயா வருகிறார். அப்பாவும் அவரும் ஒரே பாயில் உட்கார்ந்து, குறைவாகப் பேசிச் சாப்பிடுகிறார்கள். ரோசி இப்போது டிக்கோயாவில் எங்கள் அப்பாவோடுதான் இருக்கிறாள். அங்கேயிருந்து பள்ளிக்கூடம் கிட்ட.