நரசிம்மலு அண்ணன் ஊறப்போட்ட கடலை

ஆர்.எஸ்.புரத்துல அந்தச் சந்து வழியாப் போறப்பல்லாம் எனக்குக் கொழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசம் அடிக்கும். இப்ப அங்கெ இருக்கறது செருப்புக் கடை. ஆனா என்ற மூக்குக்கு அது தெரியறதில்லை. தொண்ணூத்தாறுல அந்த எடத்துலதான் நரசிம்மலு அண்ணன் ஓட்டல் வெச்சிருந்தாரு. கோயமுத்தூர்ல நான் சாப்பிட்டதுலயே மோசமான சாப்பாடு அங்கெ சாப்பிட்டதுதான். இன்னொருக்கா கெடைக்குமான்னா கெடைக்காது. அதுதான் வருத்தம்.

அண்ணன் எங்களுக்கு எதுத்தூடு. நாயுடுமாரு. ஊட்டுக்குள்ள தெலுங்கு, வாசப்படி தாண்டிட்டா நம்மளைவிட இழுத்து இழுத்துப் பேசுவாரு. மொதல்ல மில்லு கேன்டீன்ல சமையல். அப்பறம் யாரோ பம்பாய் ஏஜென்ட் புடிச்சுட்டுப் போயி, கிரீஸ் நாட்டுக்காரன் சரக்குக் கப்பல்ல சமையல்காரராச் சேத்து உட்டான். பன்னெண்டு வருசம். வருசத்துக்கு ஒருக்கா வருவாரு, தெரு முச்சூடும் சோப்புக் கட்டி குடுப்பாரு, போயிருவாரு. அவரு பொண்டாட்டி கோமளாக்கா ஒருக்கா எங்கூட்டுல முருங்கக்கீரை உருவிட்டே சொல்லுச்சு: "இந்தப் பன்னெண்டு வருசத்துல அவருகூட நான் இருந்ததை ஒண்ணாச் சேத்தா ஒண்ணரை வருசம் வருமா அம்மணி? சோப்புத்தான் தீராம இருக்குது."

அந்தக்கா சந்தோசப்பட்டு நான் பாத்தது, அவரு இனிமேக் கப்பலுக்குப் போகலை, இங்கயே கடை போடறேன்னு வந்து நின்ன அன்னிக்குத்தான்.

கடைக்குப் பேரு மெடிட்டரேனியன் உணவகம். கிரீஸ் பக்கத்துக் கடலுக்கு அந்தப் பேரு, அந்தக் கடலோரத்துச் சாப்பாடாமா. போர்டு எழுதுனவன் 'மெடி'ங்கற எழுத்தைப் பானையாட்டம் எழுதிப்போட்டு, மிச்சத்துக்கு எடம் பத்தாம எறும்பாட்டம் எழுதி உட்டான். கடை தொறந்த அன்னிக்கு, மெடிக்கல் ஷாப்புன்னு நெனைச்சு மொதல்ல உள்ள வந்த ஆளு கையில டாக்டர் சீட்டு இருந்துச்சு. அங்கெ பரிமாறறதுக்கு இருந்தவரு டேவிட்சன். அதுக்கு முன்னால எங்கயோ ஆஸ்பத்திரில வார்டுல வேலை பாத்தவரு. அவரும் சீட்டை வாங்கிப் படிச்சு, "காலைல ஒண்ணு, சாப்புட்டப்பறம் ஒண்ணுங்க. மாத்திரை எதுத்த கடையில கெடைக்குமுங்க"ன்னு அனுப்பி வெச்சாரு. அன்னிக்கு உருப்படியா நடந்த யாவாரம் அது ஒண்ணுதான், அதும் எதுத்த கடைக்கு.

நானும் எங்கூட்டுக்காரரும் மூணாவது நாள் போனோம். செவுரு வெள்ளை, சன்னலு நீலம். சென்னிமலை பெட்ஷீட்டை வெட்டி மேசைக்கு விரிச்சிருந்துச்சு. பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. உக்காந்தோம். உக்காந்தே இருந்தோம். தண்ணி வரலை. இந்த ஊர்ல பழைய சோறு போடறவன்கூட மொதல்ல ஒரு டம்ளர் சிறுவாணித் தண்ணி வெப்பான்.

"ஏனுங்க, தண்ணி?"ன்னேன்.

"கேட்டாத்தானுங்க வெக்கோணும். அந்தப் பக்கமெல்லாம் அப்பிடித்தானாமா"ன்னாரு டேவிட்சன்.

"நாங்க இந்தப் பக்கமுங்க."

அரை மணி நேரங் கழிச்சு ஒரு ரொட்டி வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு, ஆறிப்போயி, அட்டையாட்டம். தொட்டுக்க ஒண்ணுமில்லை. அதைப் பிச்சு முடிச்சப்பறம் தொட்டுக்கறது வந்துச்சு, ரொட்டி இல்லை. கொண்டக்கடலையும் எள்ளும் அரைச்ச சட்னி அது. தாளிப்பு இல்லை, காரம் இல்லை, மேல எண்ணெய் மட்டும் மெதந்துச்சு. எங்கூட்டுக்காரரு வெரல்ல வழிச்சு மோந்து பாத்தாரு.

"ஏம்புள்ள, இதுல நம்ம பையன் வாசம் அடிக்குது?"

அடிக்காம என்ன? ஆலிவ் எண்ணெய் அப்பல்லாம் இங்கெ மருந்துக் கடையிலதான் கெடைக்கும், சின்னச் சின்ன பாட்டில்ல. பச்சைக் கொழந்தைக்குத் தேச்சுத் தண்ணி ஊத்தறதுக்கு நாம வாங்கறது. அண்ணன் அதை டஜன் கணக்குல வாங்கிட்டு வந்து சட்னில ஊத்தியிருக்காரு. என்ற ரெண்டு புள்ளைகளையும் கால்ல போட்டுத் தேச்ச வாசம். அதை எப்பிடி முழுங்கறது?

அப்பறம் கடலை வடை. பல்லுக்கு ஆகாதது. அதுக்கப்பறம் உப்புத் தண்ணில ஊறுன ஒரு கசப்புக் காயி. கடேசியாத் தயிர்சாதம் கேட்டேன். டேவிட்சன் என்னைய நோயாளியைப் பாக்கறாப்புல பாத்தாரு. "அது இங்கெ கெடையாதுங்க."

அந்நேரத்துக்கு அண்ணன் வெள்ளைத் தொப்பியோட வந்து நின்னாரு. "எப்பிடிங்க இருக்குது?"

எங்கூட்டுக்காரரு வாயெல்லாம் பல்லாச் சிரிச்சாரு. "அருமைங்க! வர ஞாயித்துக்கெழமை எங்கண்ணன் குடும்பத்தையும் கூட்டிட்டு வாரேனுங்க!"

மேசைக்குக் கீழ ஒரு ஒதை உட்டேன். ஆனா நானும் வாயத் தொறக்கலை. கல்லாவுல உக்காந்துட்டுக் கோமளாக்கா என்ற மூஞ்சியவே பாத்துட்டிருந்துச்சு. ஊட்டுக்கு வந்து அரிசீம்பருப்புச் சோறு ஆக்கி, நெய்ய ஊத்தித் தின்னப்பறந்தான் எங்களுக்கு உசிரு வந்துச்சு.

ஞாயித்துக்கெழமை நாங்க போகலை. யாருமே போகலைங்கறது அப்பறந்தான் தெரிஞ்சுது. மறுநாள்ல இருந்து கோமளாக்கா தெனமும் ஒரு போசி நெறைய ஊறுன கடலையைக் கொண்டாந்து குடுத்துச்சு. ஒம்போது நாளு. சுண்டல் தின்னு தின்னு என்ற புள்ளைக, "அம்மா, இன்னும் நவராத்திரி முடியலையா?"ன்னு கேட்டுதுக.

"ஏக்கா, எதுக்கு இத்தனை ஊறப்போடறீங்க?"ன்னு கேட்டுப்போட்டேன்.

அந்தக்கா வாசப்படியில உக்காந்துச்சு. "யாரு 'வாரேனுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாலும் மனசுல வெச்சுக்கறாரு அம்மணி. தலைக்கு ஒரு கை கடலை ஊறப்போடறாரு. கப்பல்ல இருவத்தஞ்சு பேருன்னா இருவத்தஞ்சு பேருந்தான சாப்பிட வருவாங்க? தண்ணிக்கு நடுவுல வேற எங்க போவாங்க? அந்த நெனப்புலயே இருக்காரு."

அப்பறம் முந்தானையில முடிஞ்சிருந்த காயிதத்தை எடுத்துச்சு. பம்பாய்ல இருந்து வந்தது. அதே கப்பல் கம்பெனி, அதே வேலை, மாசக் கடேசிக்குள்ள வரோணும்னு எழுதியிருந்துச்சு.

"கடை நிக்கலைன்னா பொட்டி கட்டிருவாரு. நான் சொன்னா பொண்டாட்டி கொறை சொல்றான்னு ஆயிரும். நீ சொல்லு அம்மணி. உனக்குத்தான் வாய் இருக்குதே."

ஊர்ல எனக்கு மட்டுந்தான் ஆண்டவன் வாய வெச்ச மாதிரி!

மறுநா மத்தியானம் போனேன். ஒரு மேசையிலயும் ஆளு இல்லை. எட்டுத் தட்டு வெச்சுட்டு, வாசலைப் பாத்து உக்காந்திருந்தாரு அண்ணன்.

"வா அம்மணி! தனியாவா வந்தே? உங்கூட்டுக்காரரு, அவரு அண்ணன் குடும்பம்?"

"யாரும் வர மாட்டாங்ண்ணா."

"ஏன், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சாப்பாடு சரியில்லைங்க."

அவ்வளவுதான், மடை தொறந்துருச்சு. தண்ணி வெக்கலை, ரொட்டியும் சட்னியும் ஒண்ணையொண்ணு பாத்ததே இல்லை, வடைய ஒடைக்கச் சுத்தியல் வேணும், எண்ணெய் கொழந்தை வாசம் அடிக்குதுன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். அவரு மூஞ்சி செவந்துபோச்சு.

"பன்னெண்டு வருசம் சமைச்சேன். ஒருத்தன் கொறை சொன்னதில்லை."

"கப்பல்ல வேற கடை இருந்துச்சுங்களா?"

டேவிட்சன் களுக்குன்னு சிரிச்சுப்போட்டுத் துண்டால வாயப் பொத்திக்கிட்டாரு.

"அப்ப அத்தனை பேரும் வாரேன் வாரேன்னு சொன்னாங்களே?"

"அண்ணா, இந்த ஊர்ல எழவு ஊட்டைத் தவிர எங்க போனாலும் கெளம்பறப்ப வாரேன்னுதான் சொல்லுவோம். பன்னெண்டு வருசத்துல இதைக்கூடவா மறந்துபோட்டீங்க?"

அவரு தொப்பியக் கழட்டி மேசை மேல வெச்சாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. சும்மா எந்திரிச்சு வர மனசில்லாம, போற போக்குல ஒண்ணு சொன்னேன்: "எள்ளு அரைச்சுத்தான ஊத்தறீங்க, அப்பறம் நல்லெண்ணெய்க்கு என்ன கேடு வந்துச்சு?"

மூணு நாளு கடை தொறக்கலை. கோமளாக்கா என்ற பக்கம் திரும்பலை. மூணாம் நாளு எதுத்தூட்டு வாசல்ல பாக்கறேன், பரண் மேல கெடந்த கப்பல் பொட்டி எறங்கி வெய்யில்ல காயுது.  இந்த நாக்கை வெட்டித்தான் போடோணும்னு அன்னிக்கு முழுக்க என்னைய நானே திட்டிக்கிட்டேன். கொழம்புல ரெண்டு தடவை உப்புப் போட்டேன். எங்கூட்டுக்காரரு அதையும் அருமைன்னுட்டுத் தின்னாரு.

நாலாம் நாளு காலைல டேவிட்சன் ஒரு டிபன் பாக்ஸோட வந்து நின்னாரு.

"அண்ணன் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. பொய் சொல்லப்படாதாமா."

தொறந்து பாத்தேன். அதே கடலைச் சட்னி. மேல நல்லெண்ணெயில கடுகு, வரமொளகாய், கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டியிருந்துச்சு. வழிச்சு நாக்குல வெச்சேன்.

"உப்புப் பத்தலை. பூண்டு ஜாஸ்தி. ஆனா ரெண்டு தோசைக்குத் தாங்கும்னு சொல்லுங்க."

"அதை அப்பிடியே சொல்லட்டுங்களா?"

"அப்பிடியே சொல்லுங்க. ஏனுங்க, அந்தப் பொட்டி?"

"கடைக்கு வந்துருச்சுங்க. கடலை கொட்டி வெக்கறதுக்கு. எலித் தொந்தரவு தாங்கலைங்க."

நான் அடுப்படிக்குள்ள போயிக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன். வெங்காயம் அரிஞ்சுட்டிருந்தேன், அதான்.

மாசக் கடேசி வந்துச்சு, போச்சு. அண்ணன் போகலை. கடை அப்பிடியொண்ணும் ஓஹோன்னு ஆயிரலை. ரொட்டி கடேசி வரைக்கும் அட்டைதான். ஆனா உக்காந்த ஒடனே தண்ணி வந்துச்சு. ரொட்டியும் சட்னியும் ஒண்ணா வந்துச்சு. போர்டுல எங்கயும் எழுதாத தயிர்சாதம் கேட்டவங்களுக்குக் கெடைச்சுது. கடலையை அளவா ஊறப்போட்டாரு. பேங்குக்காரங்க, காலேஜுப் புள்ளைக, மருந்து கேட்டு வந்து சாப்பிட்டுப் போனவங்கன்னு மூணு வருசம் ஓடுச்சு. வாரத்துல ஒரு நாளு நானும் போவேன். போயி ஏதாச்சும் கொறை சொன்னாத்தான் அண்ணனுக்கும் திருப்தி. "அம்மணி சும்மா போறாங்க, ஒடம்பு சரியில்லையாட்ட இருக்குது"ம்பாரு.

தொண்ணூத்தொம்போதுல கட்டடத்துக்காரரு எடத்தை வித்துப்போட்டாரு. கடேசி நாளு சாயங்காலம் போனோம். ரொட்டி வழக்கம்போல கிழிக்க முடியலை. முழுசாத் தின்னேன். இன்னொண்ணு கேட்டு வாங்கியும் தின்னேன்.

கெளம்பறப்ப வாசப்படியில நின்னுபோட்டேன். வாரேன்னு சொன்னா அது பொய்யி, நாளைக்கு இங்கெ கடை இருக்காது. சொல்லாமப் போறதுன்னா அது எழவு ஊடு. ஊருக்கே இருக்கற வாயி, எனக்கு அன்னிக்கு அடைச்சுக்கிச்சு.

அண்ணன் தொப்பியக் கழட்டி இடுப்புல சொருகிட்டு வந்தாரு. கோமளாக்கா வெளக்கை அமத்திட்டுப் பூட்டோட பின்னால வந்துச்சு.

"என்ன அம்மணி, நின்னுட்டே? எதுத்தூட்டுக்குத்தான போறே?"ன்னாரு. "சித்தெ இரு. நானும் அங்கெதான் வாரேன்."