ஆரம்பாக்கத்திலிருந்து திருவள்ளூர் கோர்ட்டுக்கு: செல்வியோடு ஒரு வாய்தா நாள்

என் தோழி ரேவதி திருவள்ளூரில் வக்கீல். இரண்டு ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா, சின்ன அலுவலகம். போன ஆடி மாதம் போன் செய்து, "ஆபீஸை மாத்தணும்டி. ஆப் ஒண்ணு பண்ணலாமா, இல்ல முன்னாடி நல்ல சோபாவாப் போடலாமா? நீதான் டிசைன் வேலையில இருக்கியே, வந்து சொல்லு" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வருகிறவருக்கு என்ன கஷ்டம் என்றே தெரியாமல் சோபாவில் யாரை உட்கார வைப்பது?

எங்கள் தொழிலில் இதை டிசைன் திங்கிங் என்பார்கள். பெயர்தான் பெரிது. யாருக்காக ஒன்றைச் செய்கிறோமோ அவர் பக்கத்தில் நின்று பார்ப்பது, சின்னதாக ஏதாவது செய்து பார்ப்பது, சரிவரவில்லை என்றால் கூச்சப்படாமல் மாற்றுவது. அவ்வளவுதான். "உன் கட்சிக்காரங்கள்ல ரொம்பத் தூரத்துல இருந்து வர்றது யாரு? அவங்க வீட்ல இருந்து அவங்களோடயே கிளம்பி உன் ஆபீஸுக்கு வரேன்" என்றேன்.

"ஆரம்பாக்கம் செல்விதான். ஆனா அந்தம்மாவுக்கு எங்க மேல நம்பிக்கை கம்மிடி. ஒரு வாய்தா விடாம வந்து நின்னு, நாங்க என்ன பண்றோம்னு பார்த்துட்டுப் போவாங்க" என்றாள் ரேவதி.

செல்வியிடம் போனில் அனுமதி கேட்டுவிட்டு, வாய்தாவுக்கு முதல் நாளே போய் கும்மிடிப்பூண்டியில் ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டேன். விடியற்காலை அங்கிருந்து ஆட்டோவில் ஆரம்பாக்கம், பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். "இன்னா மேடம், கம்பெனி ஆடிட்டா?" என்றார் டிரைவர். கோர்ட்டுக்கு என்றதும் வண்டியையே மெதுவாக்கிவிட்டார். "கோர்ட்டா? பேஜாரு புடிச்ச எடமாச்சே. பாத்தா நல்ல மாரி கீறீங்க, இன்னா தப்பு பண்ணீங்க?" ஆரம்பாக்கம் போய்ச் சேரும் வரை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

செல்விக்கு நாற்பது வயதிருக்கும். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் ஒப்பந்த வேலை. கணவர் நெல் போடுகிறார். அவர்கள் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். கீழ்க் கோர்ட்டில் செல்விதான் ஜெயித்தாள். அவர் மேல்முறையீடு செய்து தடையும் வாங்கிவிட்டதால், வேலி அப்படியே நிற்கிறது, வழக்கு திருவள்ளூருக்கு வந்துவிட்டது.

ஆரம்பாக்கமும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம்தான். ரயிலில் போனால் மட்டும் சென்னையைத் தொட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஆறு மணிக்கு முன்பே ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, திருவள்ளூர் வண்டி பிடித்தோம். மொத்தம் நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் தூரம் பாதிதான். ஆனால் அடுத்த பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்று செல்விக்குப் பயம்.

பேசின் பிரிட்ஜ் நடைமேடையில் தூக்கைத் திறந்து, "நாஷ்டா துன்னுகினே பேசுங்க மேடம்" என்று எனக்கு நாலு இட்லி வைத்தாள். எனக்காகவே கூடுதலாக அவித்திருக்கிறாள். முன்பின் தெரியாதவளுக்கு இப்படிச் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்? நான் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு சொன்னாள்.

"கேஸ் வோணான்னு இன்னிக்கு வக்கீலம்மா கைல சொல்லிடப் போறேன் மேடம். பர்மனென்ட் லிஸ்ட் போட்டுகினு கீறாங்க. இன்னொரு லீவு போட்டா என் பேரு இருக்காதுன்னு சூப்பர்வைசரு சொல்லிட்டாரு. வேலையா, பாதையான்னா நான் இன்னா பண்ணட்டும்?"

ஜெயித்த வழக்கை ரயிலேறிப் போய்த் தோற்கப் போகிறாள்.

பத்தரைக்குக் கோர்ட் ஹால். பெயரைக் கூப்பிட்டதும் செல்வி வாசலில் கைகட்டி நின்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டார், அடுத்த தேதி கொடுத்தார்கள், அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு நிமிடம்கூட இருக்காது. அவளை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் செல்வி விஷயத்தைச் சொன்னதும் ரேவதிக்கு முகம் விழுந்துவிட்டது. "நாங்க சரியாப் பண்ணலயா செல்வி?"

"ஐயோ, அப்டிலாம் இல்ல மேடம். வந்து வந்து முடில."

"உங்கள யாரு வரச் சொன்னது? அப்பீல்ல நீங்க வரவே வேணாமே!"

செல்வி குமாஸ்தாவைப் பார்த்தாள். "சார்தான் ஒவ்வொரு வாட்டியும் போன் பண்ணி, வாய்தா இன்ன தேதின்னு சொல்வாரு. வரலன்னா கேஸைத் தள்ளிடுவாங்கன்னு வந்துகினு கீறேன்."

"நான் தகவலுக்குச் சொன்னேன்மா" என்றார் அவர், பாவம்.

"அப்ப இத்தினி நாளா நான் இன்னாத்துக்கு வந்தேன்?"

'நீங்க கேட்டிருக்கலாமே' என்று ரேவதி சொல்லியிருந்தால், சத்தியமாக நான் எழுந்து வந்திருப்பேன். அவள் சொல்லவில்லை. செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு எங்களோடது" என்றாள். அதற்காக அவளுக்கு நன்றி.

ஆப், சோபா பேச்செல்லாம் அதோடு போயிற்று. வாய்தாவுக்கு முந்தின நாள் பகலில் மெசேஜ் அனுப்பலாம் என்றார் குமாஸ்தா. ஷிப்டு முடிகிற வரை போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்றாள் செல்வி. சரி, சாயங்காலம் ஆறுக்கு மேல் குரல் பதிவு. 'தாங்கள் நேரில் ஆஜராகத் தேவையில்லை' என்று குமாஸ்தா பேசிக் காட்டினார். "இத எங்கூட்டுக்காரரு கேட்டா போலீஸ்னு நெனச்சிக்குவாரு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் முறை சரியாக வந்தது: "செல்வி, நாளைக்கு வர வேணாம். வேலைக்குப் போங்க. என்ன நடந்ததுன்னு சாயங்காலம் சொல்றோம்."

வக்கீல் அலுவலகமோ வேறெந்த அலுவலகமோ நடத்துகிறவர்களுக்கு: ஒரு நாள் உங்கள் வாடிக்கையாளர் வீட்டிலிருந்து கிளம்பி உங்களிடமே வந்து பாருங்கள். அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், வாயை மூடிக்கொண்டு கூடவே நடங்கள். இந்த வழியில் போவதென்றால் தண்ணீரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பாக்கத்தில் வண்டிகள் குறைவு, ஒன்றை விட்டால் அன்றைய நாள் போச்சு. ரயில் செலவு ஒருவருக்கு ஐம்பது ரூபாயைத் தாண்டாது. செல்விக்கு ஆன செலவு அதுவல்ல.

அடுத்த வாய்தா போன வாரம். செல்வி வரவில்லை. நான் போயிருந்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள், ரேவதி எழுந்தாள், வாசலில் யாரும் நிற்கவில்லை, வழக்கு அதுபாட்டுக்கு நடந்தது. சாயங்காலம் செல்வியிடமிருந்து எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது:

"மேடம், லிஸ்ட்ல பேரு வந்துச்சு. மிச்சம் புடிச்ச லீவுல நாளைக்கு நடவுக்குப் போறேன். வேலி அப்டியேதான் கீது, வரப்பு மேல சுத்திகினுதான் போவணும். பரவால்ல மேடம். கேஸ் கீதே."