பட்டாளத்தான் மகள்

வீடு முழுக்கச் சப்பாத்துப் பாலீஷ் வாடை. அடுத்த வாரம் பயிற்சி முகாமுக்குப் போகப்போகிற என் மகன், ஜெலாப்பாங் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் பழைய பேப்பரை விரித்துப் போட்டு, கறுப்பு பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்தான் என்றா சொன்னேன்? அப்பினான். தோசைக்கல்லில் எண்ணெய் விடுகிறவள்கூட அதைவிடச் சிக்கனமாக விடுவாள். எனக்குப் பொறுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பழைய பனியன் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, பாலீஷைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மேலே சுற்றுகிற காற்றாடி பூட்ஸின் மூக்கில் தெரிந்தது.

"யாரும்மா இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?"

"எங்க சித்தப்பா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஓ, சின்னத் தாத்தாவா" என்று சொல்லிவிட்டு அவன் முடி வெட்ட டவுனுக்குப் போய்விட்டான். நான்தான் பூட்ஸை மடியில் வைத்தபடி இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அவர் என் சித்தப்பா இல்லை. என்னைப் பெற்ற அப்பா.

செமோருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டம் என்றால் அதன் பெயரைவிட நாற்றம்தான் முந்தி வந்து நிற்கும். புளித்த ரப்பர்ப் பாலும் உறைந்த கட்டிப்பாலும் சேர்ந்து அடிக்கிற நாற்றம். அதை யாராவது இன்றைக்குப் புட்டியில் அடைத்து விற்றால் நான் வாங்குவேன். என் வீட்டுக்காரர் அதை ஜன்னல் வழியாக வீசுவார். அப்பாவுக்கும் அந்த நாற்றம் ஆகாது. எத்தனை தடவை குளித்தாலும் போகமாட்டேன் என்கிறதே என்று சட்டையை மோந்து மோந்து பார்ப்பாராம். இளம் வயதிலேயே அம்மாவுக்குத் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிவிட்டார். நான் வயிற்றில் இருந்தேன். ஈப்போவில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கல்யாணம் ஆகாதவர்களை மட்டும்தான் எடுப்பார்கள் என்பது வரிசையில் நின்ற பிறகுதான் தெரிந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று மலாயில் கேட்டிருக்கிறார். "பெலும், துவான்" என்றார் அப்பா. இன்னும் இல்லை, ஐயா. அவ்வளவுதான். கோயில் கல்யாணத்தை அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் யார் போய்ப் பதிந்தார்கள்? கேட்க ஆளில்லை. தொப்பி கொடுத்தார்கள், பூட்ஸ் கொடுத்தார்கள், மூன்று வேளையும் சோறு போட்டார்கள். தோட்டமே அவருக்குப் 'பட்டாளம்' என்று பெயர் வைத்துப் பெருமைப்பட்டது.

வினை என் ரூபத்தில் பிறந்தது. பிள்ளைக்கு அப்பன் யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமே. கல்யாணமே ஆகாதவருக்குப் பிள்ளை எப்படி வரும்? பொய் சொல்லிச் சேர்ந்தது தெரிந்தால் வேலை போகும், வழக்கு வரும். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, பிள்ளை இல்லாதவர். அவர்தான் போய், பிள்ளை தனக்கும் பெரியம்மாவுக்கும் பிறந்தது என்று பதிந்துவிட்டு வந்தார். "யார் பேர்ல இருந்தா என்னலா, நம்ம வூட்லதானே வளரப் போவுது" என்றாராம். அன்றைக்கு அது எல்லோருக்கும் நல்ல யோசனையாகவே பட்டிருக்கிறது. நானும் தொட்டிலில் கிடந்தேன், ஆட்சேபம் சொல்லவில்லை.

பேச்சு வந்த நாளிலிருந்து எனக்குப் பாடம் நடந்தது. பெரியப்பாதான் அப்பா. லீவில் பச்சை உடுப்போடு வருகிறவர் சித்தப்பா. அம்மா? வெளியாள் கேட்டால் பெரியம்மாவின் தங்கச்சி, அதனால் சித்தி. வீட்டுக்குள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்றால் குழந்தை உளறிவிடும் என்று பயந்து, எப்போதும் அப்படியே கூப்பிடப் பழக்கினார்கள். எனக்குக் கிளி மாதிரி நாக்கு. சுலபமாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் எங்களுக்குள் இருக்கும்போது அந்த நாடகத்தையெல்லாம் மதிக்கமாட்டார்கள். குழாயடியில் என்னைப் பார்த்தால், "பட்டாளத்தான் மவளே, உங்கப்பன் எப்ப வாரான்?" என்றுதான் கேட்பார்கள்.

சில வருஷம் போனதும் அப்பாவுக்குக் கல்யாணம் செய்துகொள்ள மேலிடத்தில் அனுமதி கிடைத்தது. செய்துகொண்டால் குடும்பத்தோடு தங்கக் குவார்ட்டர்ஸ் தருவார்கள். பெண் யார்? அண்ணியின் தங்கச்சி. அதாவது, என் அம்மா. இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கூட வேலை செய்கிறவர்கள், கல்யாணத்துக்கு நாங்களும் வாரோம் என்று லாரியில் கிளம்பிவிட்டார்கள்.

பிறகென்ன, தோட்டம் முழுக்க ஒத்திகை. கள்ளு உள்ளே போனால் உள்ளதெல்லாம் கக்கிவிடுகிற ஒருத்தரைக் கடைசி லயத்தில் ஆட்டுக்கறி அண்டாவுக்குக் காவல் வைத்தார்கள். எல்லாம் சரியாக வந்தது, அம்மாவின் கழுத்தைத் தவிர. கல்யாணப் பெண் தாலியோடு வந்து மணையில் உட்கார முடியுமா? முதல் நாள் பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "கழட்டி வச்சுடு புள்ள, நாளைக்கே திரும்பக் கட்டப்போறாரு" என்றார்கள்.

அதிர்ந்து பேசாத அம்மா அன்றைக்குப் பேசினாள். "அவரு காட்டுக்குள்ள துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு அலைஞ்ச நாளெல்லாம் நான் இதப் புடிச்சிக்கிட்டுத்தான் படுத்தேன். இதக் கழட்டச் சொல்றீங்களே, உங்களுக்கு எப்படி மனசு வருது?"

பெரியம்மாதான், "சரி, யாரும் அவளத் தொடாதீங்க. கழுத்து மூடுன மாதிரி ஒரு ரவிக்கை தைப்போம்" என்று எழுந்து தையல் மெஷினுக்குப் போனாள். அந்த வெயிலில், கழுத்துவரை மூடிய ரவிக்கைக்குள் முதல் தாலி. அதற்கு மேலே, அதே புருஷன் கட்டிய இரண்டாவது தாலி. முதல் கல்யாணத்தை நடத்திவைத்த அதே கோயில் பண்டாரம்தான் இதையும் நடத்தினார். தாலியை எடுத்துக் கொடுக்கும்போது, "இந்தப் பொண்ண எங்கியோ பாத்திருக்கேனே" என்று மெதுவாக முணுமுணுக்க, அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அம்மா அழுதுகொண்டிருந்தாள். லாரியில் வந்த மலாய்க்கார சார்ஜன்ட், பெண் பயப்படுகிறாள் என்று நினைத்து, பையன் ரொம்ப நல்லவன் என்று ஆறுதல் வேறு சொன்னார்.

சாப்பாட்டுப் பந்தியில் தாஸ் என்கிற கோப்பெங்காரர், அப்பாவின் கூட்டாளி, என்னைத் தூக்கி வைத்துக்கொண்டார். "பாப்பா, மாப்பிள உனக்கு என்ன வேணும்?"

பந்தியில் கை அப்படியப்படியே நின்றது. நான் கணீரென்று சொன்னேன், "சித்தப்பா."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. பெரியம்மா என் இரண்டு கையிலும் லட்டு வைத்தாள். அந்த நடிப்புக்கு எனக்கு விருதே கொடுத்திருக்கலாம். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற அப்பா மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

கல்யாணம் என்றால் லட்டு என்றுதான் எனக்குத் தெரியும். முடிந்ததும் பெண் புறப்பட்டுப் போய்விடுவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. குவார்ட்டர்ஸ் தெற்கே குளுவாங்கில். அம்மாவை லாரியில் முன்னால் ஏற்றினார்கள். அப்போதுதான் விளங்கியது. செம்மண் ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஓடினேன். "சித்தி, சித்தி" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அழுகிறபோதுகூட நான் மாற்றிக் கூப்பிடவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

பெரியம்மா என்னைக் கண்ணாக வளர்த்தாள், அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பள்ளிக்கூட லீவுக்குக் குளுவாங் போவேன். அங்கே நான் அண்ணன் மகள். பிறகு பிறந்த தம்பி, அப்பா அப்பா என்று அவர் காலைக் கட்டிக்கொள்வான். அவர் பக்கத்தில் உட்கார எனக்கு இருந்த ஒரே சாக்கு பூட்ஸ்தான். சாயங்காலம் வாசற்படியில் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு தேய்ப்போம். அவர் என் விரலைப் பிடித்து வட்டம் போடக் கற்றுக்கொடுப்பார். அதிகம் பேசமாட்டார். இப்போது புரிகிறதா, மகன் அப்பியதைப் பார்த்து எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று?

ஒரு நாள் அம்மா கதவைச் சாத்திவிட்டுக் கெஞ்சினாள். "இப்ப இங்க யாரும் இல்லடி. ஒரு தடவ அவர அப்பான்னு கூப்பிடு." எனக்கு வாய் வரவில்லை. பிடிவாதம் இல்லை, நிஜமாகவே வரவில்லை.

"விடு, லெட்சுமி" என்று அப்பா அம்மாவைத் தடுத்தார். "நான் சொன்ன பொய்க்கு அதோட வாய் என்ன பண்ணும்?"

பிறகு ஏன் திருத்தவில்லை என்று கேட்பீர்கள். வேலையில் இருக்கும்போது வேலை போய்விடும் என்று பயம். ஓய்வு பெற்று ஈப்போவுக்கு வந்து காவல்காரர் வேலை பார்த்தபோது, பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். பெரியப்பாவையும் இழுப்பார்களே என்று இன்னொரு பயம். என் பிள்ளைக்குக்கூட நான் சொல்லவில்லை. என் கல்யாணத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் தாரை வார்த்தார்கள். அப்பா மண்டப வாசலில் பன்னீர் தெளித்து ஆட்களை வரவேற்றார். ஆனால் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்த சனங்கள் நேரே அவரிடம் போய்த்தான் கையைப் பிடித்தார்கள். "மவளக் கட்டிக் குடுத்துட்டியே பட்டாளம்." அவர் பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் மணையிலிருந்து பார்த்தேன்.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். கோயில் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக மாடி வீடுகள், வாசலுக்கு வாசல் கார். குழாயடி எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. சனங்கள் புந்தோங், கிள்ளான், ஜொகூர் என்று சிதறி ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பண்டாரம் போனார். பெரியப்பா, பெரியம்மா போனார்கள். அம்மா இரண்டு தாலியோடும் போனாள். போன வருஷம் அப்பா. அவரை எடுத்த அன்று, அந்தப் பழைய லயத்துப் பொம்பளை ஒருத்தி மட்டும் தடியை ஊன்றி வந்து, "பட்டாளத்தான் மவளே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இப்போது அவளும் இல்லை. தம்பிக்குத் தெரியும், ஆனால் அவன் கேள்விப்பட்டவன்தான். கண்ணால் பார்த்தவர்களில் நான் மட்டும்தான் மிச்சம். எழுதி வைத்த பொய்யெல்லாம் பத்திரமாக இருக்கிறது. உண்மையை வாயில் வைத்திருந்த சனங்கள்தான் இல்லாமல் போய்விட்டார்கள்.

பூட்ஸ் பளபளவென்று இருக்கிறது. மகன் முடி வெட்டிக்கொண்டு வருகிற நேரம். முகாமுக்குப் போவதற்கு முன்னால் அவனை உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும், இதைக் கற்றுக்கொடுத்தது சித்தப்பா இல்லை, என் அப்பா என்று. அவன் வருவதற்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.