ருமானிக்குக் கட்டிய தாலி

மாங்கன்று விற்கிறவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்வார்கள்: முதல் மூன்று வருஷம் பூவைக் கிள்ளிவிடுங்கள். போன மாதம் என் வீட்டுக்குக் கன்று வாங்கப் போனபோதும் சொன்னார்கள். கையிலெடுத்த கன்றைக் கீழே வைத்துவிட்டேன். காரணம் எங்கள் சித்தி.

அப்போது எனக்கு எட்டு வயது. திருத்தணியில் மலைப்படிகளிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. பின்பக்கம் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம். எந்த ரக மாமரம் என்பதில் பெரிய ரகளை. நைனாவுக்குப் பங்கனப்பள்ளி வேண்டும். அம்மாவுக்கு ஊறுகாய்க்கும் ஆகிற கிளிமூக்கு. நானோ பந்து மாதிரி உருண்டையாக இருக்கிறதே என்று ருமானிக்கு அடம்பிடித்து, தொண்டை கட்டும்வரை அழுது ஜெயித்தேன். நர்சரிக்காரர் கன்றை என் கையிலேயே கொடுத்தார். "ஒட்டுக்கன்னு பாப்பா, சீக்கிரமே பூ வெச்சிடும். மூணு வருசம் கிள்ளிப் போட்டுடு. உட்டேன்னா காய் பாரத்துக்கே மரம் பட்டுப்பூடும்" என்றார். அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையது.

அடுத்த வைகாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். முதல் மனைவி தங்கமாட்டாள் என்று ஜாதகத்தில் இருந்ததாம். அதற்குப் பரிகாரமும் இருந்தது. முதலில் ஒரு வாழைக்குத் தாலி கட்டி, உடனே அதை வெட்டிச் சாய்த்துவிட வேண்டும். முதல் தாரம் போய்ச் சேர்ந்தாயிற்று, தோஷம் தீர்ந்தது. எங்கள் வீட்டுப் புத்திசாலிகள் பந்தலுக்குக் கட்டும் வெட்டுவாழையை வாங்கி வைத்திருந்தார்கள். வேரோடு நிற்கிற செடிதான் ஆகும் என்றார் புரோகிதர். மலைமேல் முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் வேரோடு நின்றது என் ருமானி ஒன்றுதான். சித்தப்பா அதற்குத் தாலி கட்டினார்.

நைனா கத்தியை எடுத்ததும் நான் கன்றைக் கட்டிக்கொண்டு அலறினேன். கல்யாண நாளில் பிள்ளை அழக்கூடாதென்று ஒரு சின்னக் கிளையை மட்டும் நறுக்கினார்.

"இது போதும்ங்களா சாமி?"

புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். எல்லோரும் சித்திக்குத் தாலி கட்ட மலைக்குக் கிளம்பினோம்.

சித்தி அதிகம் பேசமாட்டாள். வந்த சில நாளிலேயே யாரோ அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் கன்றுக்கு முன்னால் நின்று, "நல்லா கீறியாக்கா?" என்று அவள் கேட்டதை நான் பார்த்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். ஆடிப்பெருக்கன்று தன் தாலிக்கயிற்றை மாற்றியபோது அதற்கும் புதுக்கயிறு கட்டினாள். வீட்டில் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பக்கம் தனியாகப் போகவே பயம். சித்தி அதனிடம் ஏதாவது கேட்டுவிட்டு, பதில் வருகிற மாதிரி கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள்.

தை மாதம் ருமானி பூத்தது. கிள்ளிப் போட்டேன். அதே வாரம் சித்திக்குக் கரு கலைந்துபோயிற்று. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார் அரக்கோணத்து டாக்டர். அந்த மரத்தை வெட்டிவிடலாமா என்று சித்தி ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஜோசியத்த நம்பி நல்ல மரத்த எவனாச்சும் வெட்டுவானாம்மா?" என்றார் நைனா. கல்யாணத்தன்று கத்தியும் கையுமாக நின்றவர் அவர்தான்.

மறு தையில் சித்தி மறுபடி முழுகாமல் இருந்தாள். பூங்கொத்தில் கை வைத்த என் மணிக்கட்டைப் பின்னாலிருந்து பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"எதுக்குக் கிள்ளிகினு கீறே?"

வகுப்பெடுக்கிற மாதிரி விளக்கினேன்.

"கிள்ளாம காய்க்க உட்டா?"

"பட்டுப்பூடும்."

"நெஜமாவா?"

"ஆங் சித்தி. நர்சரிக்காரரே சொன்னாரு."

என் கையை விட்டாள். "அப்போ கிள்ளாதே கண்ணு. அக்காவுக்கும் ஆசை இருக்காதா? காய்க்கட்டும்" என்றாள்.

அந்தக் கோடையில் என் கை அளவுகூடப் பருக்காத அந்த மரம் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. சித்தி ஒரு பிஞ்சைக்கூட உதிரவிடவில்லை. வளைந்த கிளைகளுக்கு முட்டுக்கொடுத்தாள், பழம்புடவையைக் கிழித்துத் தாங்கு கட்டினாள். அவள் வயிறு பெருக்கப் பெருக்க மரத்தில் இலை கருகிக்கொண்டு வந்தது. பழங்களை அவள் வாயில் வைக்கவில்லை, எல்லாவற்றையும் எனக்கே கொடுத்தாள். நல்ல ருசி.

ஆடிக்கிருத்திகைக் காவடிகள் எங்கள் தெரு வழியே போனபோது மரம் முழுக்கக் காய்ந்து நின்றது. ஆவணியில் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது, கொழுகொழுவென்று.

மரத்தை வெட்டிய அன்று, பச்சை உடம்பு என்று அம்மா தடுத்தும் கேளாமல் சித்தி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். சாவு வீட்டிலிருந்து வந்தால் குளிப்போமே, அப்படி. ஈரத்தலையோடு வந்து என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

"எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதான் கண்ணு" என்றாள்.

நான் என் மரத்துக்காகத் தேம்பிக்கொண்டிருந்தேன். சித்திக்கும் பாவம், அக்கா போன துக்கம் என்று நினைத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். அது தலையிலிருந்து வழிந்த தண்ணீர். சித்தி ஏன் சிரிக்கிறாள் என்று அன்று எனக்குப் புரியவில்லை.